விண்கலத்தைச் சுற்றி ஓடும் பிளாஸ்மா: கணிப்பொறி சொல்வதும் சொல்லாததும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய கதை பேச நிறையப் பேர் இருக்காங்க, நீங்க பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே கதையை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரத்தால் உந்தப்படும் விண்கலங்களைச் சுற்றிப் பிளாஸ்மா எப்படி ஓடுகிறது, அதைக் கணிப்பொறியில் எப்படி ஒத்திகை பார்க்கிறார்கள், அந்த ஒத்திகையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. சிமுலேஷன் என்று நாம் சொல்வதைத்தான் ஒத்திகை என்கிறேன்.

"காற்றே இல்லாத இடத்துல ஓட்டம் எங்கேர்ந்து வந்தது?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: அந்தக் காற்றை விண்கலமே வீசுகிறது. தான் வீசிய காற்றே திரும்பி வந்து தன் மேல் படுகிறது. அது எங்கே படும், எவ்வளவு வேகத்தில் படும் என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பல நூறு கோடி ரூபாய் செலவில் மேலே அனுப்பிய கலம் தன் சூரியத் தகடுகளைத் தானே அரித்துக்கொள்ளும்.

முதலில் எஞ்சின். ரசாயன ராக்கெட்டில் எரிபொருள் எரிந்து, வாயு விநாடிக்கு 3 முதல் 4.5 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். அதற்கு மேல் போக முடியாது. எரிபொருளுக்குள் இருக்கும் சக்தியே அவ்வளவுதான். மின் எஞ்சினில் எதையும் எரிப்பதில்லை. செனான் என்னும் வாயுவின் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிரித்து எடுத்து, மிச்சமிருக்கும் அயனியை மின்னழுத்தத்தால் தள்ளுகிறோம். 300 வோல்ட் கொடுத்தால் செனான் அயனி விநாடிக்குச் சுமார் 21 கிலோமீட்டர் வேகம் பெறும். 1100 வோல்ட் கொடுத்தால் 40 கிலோமீட்டர். சக்தி எரிபொருளிலிருந்து வரவில்லை, சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. அதனால் ரசாயன ராக்கெட்டின் வரம்பு இதற்கு இல்லை.

தள்ளுவிசை மட்டும் மிகச் சிறியது. 1998 அக்டோபர் 24 அன்று அமெரிக்கா அனுப்பிய டீப் ஸ்பேஸ் 1 கலத்தின் அயனி எஞ்சின் முழுத் திறனில் கொடுத்தது 92 மில்லி நியூட்டன். நம் அலுவலகங்களில் புழங்கும் ஏ4 தாள் இரண்டை உள்ளங்கையில் வைத்தால் என்ன பாரமோ அதுதான். ஆனால் அந்த இரண்டு தாள் பாரத்தை மாதக்கணக்கில், நிறுத்தாமல், உராய்வே இல்லாத வெளியில் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். அதே ரக எஞ்சின் ஒன்றைத் தரையில் வைத்து 2003 வரை 30,352 மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றரை வருஷத்துக்குச் சமமான நேரம்.

சரி, இதில் சிக்கல் எங்கே வருகிறது? அயனி நேர் மின்னூட்டம் கொண்டது. அது வெளியே போகப் போக, கலத்தில் எதிர் மின்னூட்டம் சேரும். எவ்வளவு சீக்கிரம் சேரும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு மீட்டர் ஆரமுள்ள உலோக உருண்டையின் மின்தேக்கம் சுமார் 111 பிக்கோ ஃபாரட். டீப் ஸ்பேஸ் 1 எஞ்சினிலிருந்து வெளியேறிய அயனி மின்னோட்டம் முழுத் திறனில் சுமார் 1.76 ஆம்பியர். அப்படியானால் அந்த உருண்டை 1100 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம்? ஒரு மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. அதற்குள் கலம், தான் வெளியே தள்ளிய அயனியைத் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும். உந்துவிசை பூஜ்யம்.

அதனால்தான் எஞ்சினுக்குப் பக்கத்தில் கேத்தோடு ஒன்றை வைத்து, வெளியேறும் அயனிகளுக்குச் சமமாக எலக்ட்ரான்களையும் வெளியே விடுகிறார்கள். இரண்டும் கலந்த அந்தத் தாரைதான் பிளாஸ்மா. இந்தப் பெயரை 1928-இல் வைத்தவர் இர்விங் லாங்மியூர்.

இந்த எலக்ட்ரான்கள் விண்வெளியில் ஒழுங்காகப் போய் அயனிகளோடு சேருமா என்பது 1960-களின் தொடக்கத்தில் பெரிய சந்தேகமாக இருந்தது. தரையில் வெற்றிடத் தொட்டிக்குள் ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் நன்றாக ஓடியது. ஆனால் அது சாட்சியம் ஆகுமா? தொட்டியின் சுவர் உலோகம். அயனிகள் சுவரில் மோதினால் சுவரிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். அப்படியானால் நடுநிலை ஆக்கியது கேத்தோடா, சுவரா? தொட்டிக்குள் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. கடைசியில் 1964 ஜூலை 20 அன்று செர்ட் 1 என்ற கலத்தை அனுப்பினார்கள். அதிலிருந்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று கிளம்பவே இல்லை. ஹரால்டு காஃப்மன் வடிவமைத்த, பாதரசத்தில் ஓடும் மற்றொன்று 31 நிமிடம் ஓடியது. சுவர் இல்லாத இடத்திலும் தாரை நடுநிலை அடைகிறது என்று அன்றைக்குத்தான் நிரூபணம் ஆயிற்று.

தம்பி தங்கைகளே, இந்த 31 நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் நாம் அளப்பது எஞ்சினை மட்டுமல்ல, எஞ்சினையும் தொட்டியையும் சேர்த்து. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேலைதான் பிற்பாடு கணிப்பொறியின் தலையில் விழுந்தது.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. எஞ்சினுக்குள் போகும் செனான் முழுவதும் அயனி ஆவதில்லை. கொஞ்சம் அணு நிலையிலேயே மெதுவாகக் கசிந்து வெளியே வரும். வேகமாகப் போகும் அயனி ஒன்று, மெதுவாக மிதக்கும் அணு ஒன்றின் பக்கத்தில் போகும்போது அதனிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். வேக அயனி வேக அணுவாகிவிடும். மெதுவான அணு மெதுவான அயனியாகிவிடும். ஓடுகிறவன் ஓட்டத்தை நிறுத்தாமலே, தன் தலைச்சுமையை நிற்கிறவன் தலையில் வைத்துவிட்டுப் போகிற மாதிரி. இதற்கு மின்னூட்டப் பரிமாற்றம் என்று பெயர்.

வேக அணுவால் தொல்லை இல்லை, அது நேரே போய்விடும். தொல்லை கொடுப்பது பின்தங்கிய அந்த மெதுவான அயனிதான். அதற்கு ஓட்டம் கிடையாது, ஆனால் மின்னூட்டம் உண்டு. தாரையின் நடுவில் மின்னழுத்தம் பக்கவாட்டைவிடப் பத்து இருபது வோல்ட் உயரமாக இருக்கும். மேட்டிலிருந்து தண்ணீர் நாலாபக்கமும் வழிவதுபோல் இந்த அயனிகள் பக்கவாட்டில் வழியும். சில பின்பக்கமாகத் திரும்பிக் கலத்தின் மீதும், சூரியத் தகட்டின் மீதும், கேமரா கண்ணாடியின் மீதும் விழும். மோதும் ஆற்றல் போதுமானதாக இருந்தால், தகட்டில் சோலார் செல்களை இணைக்கும் வெள்ளிப் பட்டைகளைச் சிறுகச் சிறுக அரிக்கும். அரித்து எடுத்த உலோகம் வேறெங்கோ போய்ப் படியும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்போம். தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3000 கிலோ எடை, 15 வருஷ ஆயுள். நிலவும் சூரியனும் அதை வடக்கு தெற்காக இழுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சரிக்கட்ட வருஷத்துக்குச் சுமார் 50 மீட்டர்/விநாடி வேகமாற்றம் தேவை. 15 வருஷத்துக்கு 750. இதை ரசாயன எஞ்சினால் செய்தால், வெளியேறும் வேகம் 3 கிலோமீட்டர் என்று வைத்து, ஏறக்குறைய 660 கிலோ எரிபொருள் வேண்டும். சராசரி வெளியேறு வேகம் 15 கிலோமீட்டர் உள்ள மின் எஞ்சினால் செய்தால் சுமார் 146 கிலோ செனான் போதும். லாபம் கொள்ளை லாபம்.

ஆனால் சூரியத் தகடுகளும் வடக்கு தெற்காகத்தானே நீட்டிக்கொண்டிருக்கின்றன? தாரையை நேரே வடக்கே விட்டால் தகட்டின் மேலேயே அடிக்கும். அதனால் எஞ்சினைச் சாய்த்து வைக்க வேண்டியிருக்கிறது. 45 பாகை சாய்த்தால் உந்துவிசையில் 29 சதவீதம் வீண். செனான் தேவை 205 கிலோ ஆகிவிடும். 35 பாகை போதும் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தால் 178 கிலோ. வித்தியாசம் 27 கிலோ. மேலே கொண்டுபோகும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூலி கொடுக்கிற தொழிலில் 27 கிலோ சின்ன விஷயம் இல்லை.

ஆக, வடிவமைப்புக் கூட்டத்தில் ஒரு பொறியாளர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு எண்: எத்தனை பாகை? அதிகமாகச் சொன்னால் 15 வருஷமும் செனான் வீண். குறைவாகச் சொன்னால் தகடு அரிக்கப்பட்டு, மின்சாரம் குறைந்து, செயற்கைக்கோள் ஆயுளுக்கு முன்பே படுத்துவிடும். மேலே போன பிறகு ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்ய முடியாது.

"தொட்டிக்குள்ள ஓட்டி அளந்து பார்த்துட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள். ஆனால் எவ்வளவு நல்ல பம்பு போட்டாலும், எஞ்சின் ஓடும்போது அதுவே வாயுவைக் கொட்டிக்கொண்டிருப்பதால் தொட்டி முழுக் காலியாகாது. பத்தின் மைனஸ் 5 டார் அழுத்தம் என்பது இந்த வேலைக்கு நல்ல வெற்றிடம்தான். நம் காற்றழுத்தத்தில் 7.6 கோடியில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் ஒரு கன சென்டிமீட்டருக்கு முப்பதாயிரம் கோடிக்கு மேல் அணுக்கள் மிச்சமிருக்கும். 300 வோல்ட் செனான் அயனிக்கு மின்னூட்டப் பரிமாற்றக் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 50 சதுர ஆங்ஸ்ட்ராம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். அயனி சராசரியாக 6 மீட்டர் போவதற்குள் ஒரு பரிமாற்றம் நடந்துவிடும். அதாவது ஒரு மீட்டர் தள்ளி வைத்த அளவுக் கருவிக்குப் போய்ச் சேருவதற்குள் 100 அயனிகளில் 15 சுமை மாற்றிக்கொண்டிருக்கும். இது எஞ்சின் செய்தது அல்ல, தொட்டியில் மிச்சமிருந்த வாயு செய்தது. விண்வெளியில் இந்த 15 இருக்காது.

எனவே தொட்டி அளவீட்டை அப்படியே எடுத்தால் பக்கவாட்டு அயனிகள் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். "அதிகமாக இருந்தால் பாதுகாப்பான பக்கம்தானே" என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. உலோகச் சுவர் மின்னழுத்தத்தையே மாற்றிவிடுகிறது. சுவரில் எலக்ட்ரான்கள் போய்வர வழி இருக்கிறது. விண்வெளியில் அந்த வழி இல்லை. 1964-இல் கேட்ட அதே கேள்வி வேறு வேஷத்தில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

இங்கேதான் கணிப்பொறி உள்ளே வருகிறது. அடிப்படை முறை எளிமையானது. விண்கலத்தைச் சுற்றியுள்ள வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரி. அதில் துகள்களை விடு. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மின்னூட்டம் என்று எண்ணு. நம் இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் வரும் பாய்சான் சமன்பாட்டால் மின்னழுத்தத்தைக் கண்டுபிடி. அந்த மின்புலத்தில் துகள்களை ஒரு அடி நகர்த்து. திரும்ப எண்ணு. அவ்வளவுதான். நடுநடுவே மின்னூட்டப் பரிமாற்றத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போடு. துகளும் கட்டமும் சேர்ந்த முறை என்று இதைச் சொல்லலாம்.

சொல்ல எளிது, செய்ய முடியாது! ஏன் என்று பாருங்கள். கட்டம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதை டிபை நீளம் என்ற அளவு முடிவு செய்கிறது. எஞ்சின் வாயருகே ஒரு கன சென்டிமீட்டருக்கு 10,000 கோடி அயனிகள். அங்கே டிபை நீளம் 0.05 மில்லிமீட்டர்தான். கலத்தின் பின்பக்கம் போனால் கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் அயனிகள், டிபை நீளம் 7 மில்லிமீட்டர். பத்து மீட்டர் பக்கமுள்ள ஒரு பெட்டியை 0.05 மில்லிமீட்டர் கட்டமாகப் பிரித்தால் 80 கோடி கோடி கட்டங்கள் வரும். எலக்ட்ரானின் துள்ளலைப் பின்தொடர வேண்டுமானால், ஒரு அயனி அந்தப் பெட்டியைக் கடக்கும் அரை மில்லி விநாடிக்கே 10 கோடி அடிகள் வைக்க வேண்டும். இன்றைக்கு இருக்கிற எந்தக் கணிப்பொறியும் இதை அப்படியே தாங்காது.

ஆகவே குறுக்குவழி. அயனிகளை மட்டும் துகள்களாக வைத்துக்கொள்கிறார்கள். எலக்ட்ரான்கள் லேசானவை, வேகமானவை, எப்போதும் ஒரு சமநிலைக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, அவற்றை ஒரு வாயுவைப் போலக் கையாளுகிறார்கள். அப்போது அடர்த்தி தெரிந்தால் மின்னழுத்தம் கைக்கு வந்துவிடும். எலக்ட்ரான் வெப்பநிலை 2 எலக்ட்ரான் வோல்ட் என்றால், அடர்த்தி பத்தில் ஒன்றாகக் குறையும்போதெல்லாம் மின்னழுத்தம் 4.6 வோல்ட் இறங்கும். போல்ட்ஸ்மன் தொடர்பு என்பது இதுதான். வேலை பல லட்சம் மடங்கு மிச்சம்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. இந்தத் தொடர்பில் எலக்ட்ரான் வெப்பநிலை எங்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், தூரம் போகப் போக மின்னழுத்தம் முடிவே இல்லாமல் இறங்கிக்கொண்டே போகும். இயற்கையில் அப்படி இல்லை. தாரை விரியும்போது எலக்ட்ரான்கள் குளிர்ந்துவிடும். குளிர்ச்சியையும் கணக்கில் சேர்த்தால் மின்னழுத்த மேடு தாழும். மேடு தாழ்ந்தால், பக்கவாட்டில் வழியும் அயனிகளின் வேகமும் குறையும். எத்தனை பாகை என்ற விடையும் மாறும். பாருங்கள், எலக்ட்ரானைப் பற்றி நாம் எழுதிய ஒரே ஒரு வரி, 27 கிலோ செனானில் கை வைக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. கணிப்பொறியில் விடும் ஒவ்வொரு துகளும் பல கோடி உண்மை அயனிகளுக்குப் பிரதிநிதி. ஒரு கட்டத்தில் 100 துகள்கள் விழுந்தால் விடையில் 10 சதவீதம் ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு சதவீதம் வேண்டுமென்றால் 10,000 துகள்கள் தேவை. தாரையின் நடுவில் துகள்கள் குவிந்து கிடக்கும், விடை வழவழவென்று அழகாக வரும். பின்பக்கத்தில் அடர்த்தி லட்சத்தில் ஒரு பங்கு. அங்கே கட்டத்துக்கு ஒன்று இரண்டு விழுவதே பெரிய காரியம். நமக்கு விடை வேண்டியதோ அந்தப் பின்பக்கத்தில்! அதனால் மின்னூட்டப் பரிமாற்ற அயனிகளுக்கு மட்டும் சின்ன எடை கொடுத்து, எண்ணிக்கையைப் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். இதைச் செய்யாமல் வந்த வண்ணப்படம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சரியாக வேண்டிய இடத்தில் அது வெறும் சத்தம்.

இத்தனை அனுமானங்களும் சரிதானா என்று விண்வெளியில்தான் கேட்க முடியும். டீப் ஸ்பேஸ் 1 கலத்தில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே அளவுக் கருவிகளைப் பொருத்தி, திரும்பி வரும் அயனிகளை அளந்தார்கள். ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் ஜோசப் வாங் முதலானவர்கள் முப்பரிமாணத்தில் போட்ட கணக்கோடு அந்த அளவீடுகளை ஒப்பிட்டார்கள். நன்றாகவே ஒத்துப்போயின. தாரைக்குப் பின்னால் அயனிகள் வழிந்து வருவது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, நடக்கிற விஷயம் என்று உறுதியாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஐரோப்பாவின் ஸ்மார்ட் 1. 2003 செப்டம்பர் 27 அன்று கிளம்பியது. 367 கிலோ எடை. 82 கிலோ செனானும் ஒரே ஒரு ஹால் வகை எஞ்சினும் வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றிப் பெரிதாகி 2004 நவம்பரில் நிலவின் சுற்றுப்பாதையை அடைந்தது. 2006 செப்டம்பர் 3 அன்று திட்டமிட்டபடி நிலவில் மோதி முடிந்தது. எஞ்சின் மொத்தம் ஏறக்குறைய 5000 மணி நேரம் ஓடியது.

பறக்கும்போது கீழே வந்த அளவீடுகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. கலத்தின் உடலுக்கும் கேத்தோடுக்கும் இடையிலான மின்னழுத்தம் நிலையாக இல்லை. ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஒரே சீராக ஓடுகிறது, பிறகு ஏன் இந்த ஆட்டம்? பொருத்திப் பார்த்தால், சூரியத் தகடுகள் திரும்பும் கோணத்தோடு அந்த ஆட்டம் சேர்ந்து போயிற்று.

காரணம் இதுதான். தகட்டில் செல்களை இணைக்கும் உலோகப் பட்டைகள் மூடப்படாமல் வெளியே தெரியும். அவை கலத்தின் உடலைவிட 50 வோல்ட் வரை நேர் மின்னழுத்தத்தில் இருந்தன. தாரையிலிருந்து வழிந்து வந்த பிளாஸ்மாவின் பக்கம் அவை திரும்பும்போது எலக்ட்ரான்களை உறிஞ்சும். எலக்ட்ரான் உள்ளே வந்தால் கலத்தின் உடல் எதிர்ப்பக்கம் இறங்கும். தகடு வேறு பக்கம் திரும்பினால் உறிஞ்சுவது குறையும், உடல் மேலே ஏறும். தகட்டுப் பட்டைகள், கலத்தின் உடல், தாரை, கேத்தோடு எல்லாம் சேர்ந்து கம்பியே இல்லாத ஒரு மின்சுற்று! ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துக்காக உருவான ஸ்பிஸ் என்ற மென்பொருளாலும், அதைவிட எளிமையான, மின்னோட்டங்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்காலும் இதை ஆராய்ந்து விளக்கினார்கள்.

"ஏதோ சில வோல்ட் ஆடிட்டுப் போகட்டுமே" என்று விட்டுவிடலாமா? கூடாது. பின்னால் வழிந்து வரும் மெதுவான அயனி எவ்வளவு வேகத்தில் கலத்தின் மீது மோதும் என்பதை முடிவு செய்வது இந்த மின்னழுத்த வித்தியாசம்தான். உடல் கீழே இறங்க இறங்க, மோதல் கடுமையாகும். அரிப்பு நடக்குமா நடக்காதா என்பது அந்தச் சில வோல்ட்டில் இருக்கிறது. எஞ்சினை மட்டும் தனியாக வைத்துப் போட்ட எந்தச் சிமுலேஷனிலும் இது தெரிந்திருக்காது. தகடும் உடலும் எஞ்சினும் ஒரே கணக்கில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 2010 ஏப்ரல் 15 அன்று ஜிசாட் 4 இந்த வகை எஞ்சின்களைச் சுமந்து கிளம்பியது. ராக்கெட்டின் கிரையோஜெனிக் நிலை கைவிட்டதால் அவற்றை இயக்கிப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 2017 மே 5 அன்று ஏவிய ஜிசாட் 9 மின் உந்துவிசையோடு பறந்தது. 2025-இல் 300 மில்லி நியூட்டன் எஞ்சின் ஒன்றை இஸ்ரோ 1000 மணி நேரம் தரையில் ஓட்டிச் சோதித்தது. உலக அளவில் ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் முதலில் கிரிப்டானிலும் பிறகு ஆர்கானிலும் ஓடுகின்றன. வாயு மாறினால் அயனியின் எடை மாறும், குறுக்குப் பரப்பு மாறும், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். இந்தத் துறையில் வேலை தீரவில்லை, இப்போதுதான் சூடு பிடிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாணவர்கள் ப்ராஜெக்ட் வைவாவுக்கு வண்ணப்படங்களோடு வருவதைப் பார்க்கிறோம். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் ஜோராக இருக்கும். இனிமேல் அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், அது உங்களுடையதாகவே இருந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, எலக்ட்ரானை என்ன செய்தாய்? துகளாக விட்டாயா, வாயுவாக எழுதினாயா, குளிர விட்டாயா? இரண்டு, கணக்கின் எல்லை எங்கே, அந்த எல்லையில் என்ன வைத்தாய்? தொட்டிச் சுவரா, திறந்த வெளியா? மூன்று, எதோடு ஒப்பிட்டாய்? கட்டத்தைப் பாதியாக்கி, துகளை இரட்டிப்பாக்கிப் பார்த்தபோது விடை அசைந்ததா? மூன்றுக்கும் பதில் இருந்தால் படத்தைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அதைச் சுவரில் மாட்டலாம், அதை நம்பி எஞ்சினைச் சாய்க்கக் கூடாது.

இதைக் கற்றுக்கொள்ளப் பெரிய கணிப்பொறி தேவையில்லை. ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன். ஒரே ஒரு பரிமாணத்தில், செனான் பிளாஸ்மாவுக்குள் ஒரு உலோகத் தகட்டை வையுங்கள். எலக்ட்ரான் வேகமானது, முதலில் வந்து தகட்டில் ஒட்டும். தகடு எதிர் மின்னூட்டம் பெற்று, மேற்கொண்டு வரும் எலக்ட்ரானை விரட்டும். வருகிற அயனியும் வருகிற எலக்ட்ரானும் சமமாகும்போது தகட்டின் மின்னழுத்தம் நிலைக்கு வரும். கைக்கணக்குப் போட்டால், தகட்டை ஒட்டிய உறையின் விளிம்பிலிருந்து அந்த இறக்கம் எலக்ட்ரான் வெப்பநிலையைப்போல் சுமார் 5.3 மடங்கு. வெப்பநிலை 2 எலக்ட்ரான் வோல்ட் என்றால் பத்தரை வோல்ட். இப்போது சில நூறு வரிகளில் ஒரு நிரல் எழுதி, உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். பத்தரை வருகிறதா? வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று தேடுங்கள். அந்தத் தேடலில் கிடைக்கிற படிப்பு எந்த மென்பொருளையும் வாங்கி ஓட்டுவதால் கிடைக்காது. அதற்குப் பிறகு ஸ்பிஸ் போன்ற திறந்த மென்பொருளைத் தொட்டால், அது உள்ளே என்ன செய்கிறது என்று உங்களுக்குப் புரியும்.

முடிவாக ஒரு வார்த்தை. தொட்டி ஒரு சாட்சி. ஆனால் அது தன்னையும் சேர்த்துப் பேசும். விண்கலம் ஒரு சாட்சி. ஆனால் அது கருவி வைத்த நாலைந்து இடங்களைப் பற்றி மட்டும் பேசும். இந்த இரண்டு சாட்சிகளையும் சேர்த்து விசாரிக்கும் வக்கீல்தான் சிமுலேஷன். தீர்ப்புச் சொல்வது பொறியாளர். எத்தனை பாகை என்று கையெழுத்துப் போடும்போது, எதை அளந்தோம், எதை வைத்துக்கொண்டோம் என்ற இரண்டு பட்டியலும் அவர் மேஜையில் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை இந்தக் கல்லூரியின் லேப் ரெக்கார்டு நோட்டிலேயே ஆரம்பித்துவிடலாம்.

சாப்பாட்டு நேரத்தில் மாணவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம், நான் இங்கேதான் இருப்பேன்.